சின்னப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சைக்கிளை ஏற்றிச் செல்ல

முதலில் ஒரு டேப்பை எடுத்து இரண்டு அளவுகளைப் பாருங்கள்: காரின் அகலம், சைக்கிளின் நீளம். கேரியர் வாங்குவது, பெல்ட் வாங்குவது எல்லாம் அப்புறம்.

பிரிட்டனில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் அகலம் 57 அங்குலம், ஏறக்குறைய 1.45 மீட்டர். எம்ஜி மிட்ஜெட் அதைவிடக் குறுகியது. நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 60 அங்குலம், சுமார் 1.52 மீட்டர். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளோ முன் டயர் முனையிலிருந்து பின் டயர் முனை வரை 1.7 முதல் 1.8 மீட்டர் இருக்கும். அதை அப்படியே காரின் பின்னால் குறுக்காக மாட்டினால் இரண்டு பக்கமும் அரைச் சாண், முக்கால் சாண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் கண்ணாடியில் பார்க்கும்போது அந்த நீட்டல் பெரிதாகத் தெரியாது. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் உங்களை ஒட்டி நெளிந்து போகும் மோட்டார் சைக்கிள்காரரின் முழங்கைக்குத்தான் அது தெரியும்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கின் நுனியிலிருந்து பின் டயர் வரை 1.35 முதல் 1.45 மீட்டர்தான் வரும், ஸ்பிட்ஃபயரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். பெரிய காரில் சைக்கிளை முழுசாக மாட்டலாம். சின்னக் காரில் முன்சக்கரம் கழன்றே ஆக வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் பலம் எங்கே இருக்கிறது

பழைய கார்களில் இரண்டு வகை உண்டு. சில கார்களில் அடியில் தனியாக ஒரு இரும்புச் சேசி இருக்கும், அதன்மேல் பாடியைத் தூக்கி வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். ஹெரால்ட் அப்படிப்பட்டது. அதன் சேசியைச் சுருக்கி அமைத்ததுதான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர். ஆகவே ஹெரால்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பழைய மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், ஸ்பிட்ஃபயரின் அடிப்பகுதி அவருக்குப் புதிதாக இருக்காது. எம்ஜி மிட்ஜெட், எம்ஜிபி இரண்டும் வேறு வகை. தனிச் சேசி கிடையாது, பாடியே சேசியாக வேலை செய்யும்.

சுமையை எங்கே இறக்குவது என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. தனிச் சேசி உள்ள காரில், பின்பக்கம் சேசியோடு போல்ட் போட்ட ஒரு இரும்புத் தாங்கியை வைத்து, அதில் சைக்கிள் கேரியரை நிறுத்தலாம். டிக்கித் தகரத்துக்கும் பம்பருக்கும் எந்தப் பாரமும் போகாது. பாளையங்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் எங்களுக்குச் சொன்ன ஒரே அறிவுரை இதுதான்: "தகரத்த நம்பாதீய அண்ணாச்சி. சேசி எங்க வருதுன்னு குனிஞ்சு பாருங்க, அங்க போல்ட் போடுவோம்." பாடியே சேசியான காரில் டிரெய்லர் இழுக்கும் இழுவைத் தாங்கியைப் பொருத்த அதற்கென்று பலப்படுத்திய இடங்கள் இருக்கும். அந்த இடங்களில் துரு இருக்கிறதா என்று ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் கேரியர் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் தகர வேலையைப் பாருங்கள்.

குரோம் பம்பரில் எதையும் தொங்கவிடக் கூடாது. அது பார்க்கத்தான் தடிமனாகத் தெரியும். பின்னால் அதைப் பிடித்திருப்பது இரண்டு மூன்று பட்டைகள்தான்.

நான்கு வழிகள்

ஒரே ஆள், ஒரே சைக்கிள் என்றால் கேரியரே வேண்டாம். பக்கத்து சீட்டில் ஏற்றிவிடலாம். மேல்கூரைத் துணியை மடக்கி, இரண்டு சக்கரங்களையும் கழற்றி, சீட்டில் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து விரித்து, சைக்கிள் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்துங்கள். பல்சக்கரமும் செயினும் கதவுப் பக்கம் இருக்கட்டும். உங்கள் பக்கம் இருந்தால் கியர் போடும்போது கையில் கிரீஸ் ஒட்டும், பல்லும் குத்தும். சீட் பெல்ட்டைச் சட்டத்தின் உள்ளே விட்டுப் பூட்டி, இன்னொரு பெல்ட்டால் சீட்டின் முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள். கியர் லீவரை எல்லா கியரிலும் போட்டுப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கையும் முழுசாக இழுத்துப் பாருங்கள். இடது பக்கக் கண்ணாடியை மறைக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, டிக்கி மூடியின்மேல் இருக்கும் குரோம் லக்கேஜ் ராக். இது சூட்கேஸுக்காகச் செய்தது. சக்கரங்களைக் கழற்றிய ஒரு சைக்கிளைப் படுக்க வைத்துக் கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ராக்கை மூடியில் போல்ட் போட்டிருந்தால் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். வெறும் நட்டு மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகடு வைத்து, நடுவில் ரப்பர் போட்டு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தடைக்கு வேகத்தடை துளை பெரிதாகி, மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கும்.

மூன்றாவது, பெல்ட்டும் கொக்கியும் வைத்து டிக்கியில் மாட்டும் கேரியர். பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். கவனம் அதிகம் வேண்டியதும் இதற்குத்தான், அதனால் கீழே விரிவாகச் சொல்கிறேன். நான்காவது, சேசியில் போல்ட் போட்ட தாங்கி. செலவும் வேலையும் கூடுதல். அடிக்கடி போகிறவர்கள், இரண்டு சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் அந்தச் செலவைச் செய்துவிடுவது நல்லது.

வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் கேரியர்களும் இப்போது வருகின்றன. நல்ல கண்ணாடி, நல்ல ஒரிஜினல் பெயிண்ட், சுத்தமான பரப்பு என்றால் அவை உறுதியாகப் பிடிக்கும். ஆனால் நம் பழைய கார்களில் பாதிக்கு டிக்கி மூடியில் டிங்கரிங் பார்த்துப் பட்டி பூசியிருப்பார்கள். கப் பிடிப்பது மேலே உள்ள பெயிண்டைத்தான். பட்டி இளகினால் பெயிண்டோடு சேர்ந்து கப்பும் வந்துவிடும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மூடியின்மேல் நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது, அங்கே கப் வைக்காதீர்கள். ஃபைபர் பாடி காருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பெல்ட் கேரியரை மாட்டும் முறை

டிக்கி மூடியை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி துடையுங்கள். பெயிண்டைக் கெடுப்பது கேரியரின் ரப்பர் பாதம் இல்லை, பாதத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மணல்தான். நம் பக்கத்துச் செம்மண் தூசி உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். பாய், கோணி எதையும் மெத்தையாகப் போடாதீர்கள், அவற்றின் இழைகளுக்குள் தூசி இருக்கும். துவைத்த பருத்தித் துணியே நல்லது.

பாதங்கள் மூடியின் நடுவில் உட்காரக் கூடாது. நடுப்பகுதி வெறும் தகரம், கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்கும். மூடியின் ஓரங்களில், உட்புறம் சட்டம் ஓடுகிற இடத்துக்கு நேர் மேலே பாதத்தை வையுங்கள். மூடியைத் திறந்து உள்ளே தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கொக்கிகளை மூடியின் மடித்த விளிம்பில் மட்டுமே மாட்டுங்கள். ரப்பர் பீடிங்கைப் பிடித்து மாட்டினால் இறுக்கும்போது பீடிங் கிழியும். மேல் கொக்கிகள்தான் சைக்கிளின் பாரத்தைத் தாங்குகின்றன. கீழ்க் கொக்கிகள் கேரியர் குதிக்காமல் பிடித்து வைக்கின்றன, பக்கவாட்டுக் கொக்கிகள் ஆடாமல் நிறுத்துகின்றன. மூன்று வேலைக்கும் பெல்ட் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பெல்ட் இல்லாத மலிவான கேரியரைச் சின்னக் காருக்கு வாங்காதீர்கள்.

பெல்ட்டை இறுக்குவதற்கு ஒரு அளவு உண்டு. கேரியரைப் பிடித்து உலுக்கினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும், கேரியர் மட்டும் ஆடக் கூடாது. அதற்கு மேல் இறுக்க வேண்டியதில்லை. லாரிக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட்டைக் கொண்டுவந்து பலம் காட்டினால் பழைய மூடி வளைந்துவிடும், அப்புறம் பூட்டு சேராது.

துணிக்கூரையும் பிளாஸ்டிக் பின்கண்ணாடியும் உள்ள கார் என்றால், கேரியரை மாட்டியபின் கூரையை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். குற்றாலச் சாரலில் மாட்டிக்கொண்டு, கூரையை ஏற்ற முடியாமல் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு நனைவது தேவையில்லாத தொல்லை.

சைக்கிளைத் தயார் செய்தல்

சைக்கிளின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினிய ரோடு சைக்கிள் 9, 10 கிலோ இருக்கும். கியர் வைத்த மலைச் சைக்கிள் 13 முதல் 15. பழைய ஹெர்குலஸ் போன்ற கறுப்புச் சைக்கிள் 20 கிலோவைத் தொடும். மின்சார சைக்கிள் அதற்கும் மேலே போகும். கடைசி இரண்டையும் இந்தக் கார்களின் டிக்கியில் மாட்ட வேண்டாம்.

முன்சக்கரத்தைக் கழற்றினீர்கள். டிஸ்க் பிரேக் என்றால், இரண்டு பிரேக் கட்டைகளுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகுங்கள். ஆயில் பிரேக்கில் சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபோர்க்கின் இரண்டு நுனிகளுக்கு நடுவில் அதே அகலத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டினால் ஃபோர்க் நசுங்காது. தண்ணீர் பாட்டில், காற்றுப் பம்பு, சீட் பை, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போடுங்கள்.

பெடலையும் கழற்றிவிடுவது நல்லது. பெயிண்டில் கோடு போடுவதும் பின்கண்ணாடியைக் கீறுவதும் பெரும்பாலும் பெடல்தான். 15 ஸ்பேனர் போதும், சிலவற்றுக்கு ஆலன் கீ வேண்டும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். சைக்கிளை நிமிர்த்தி வைத்து, இரண்டு பெடலையும் கழற்றும்போது ஸ்பேனரைச் சைக்கிளின் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும், ஸ்பேனர் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும் நிலையிலிருந்து. மாட்டும்போது முன்பக்கமாக. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் இடது வலது குழப்பம் வராது.

மேல்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கு, சீட் கம்பிக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் நடுவில் பூட்டும் தனிக் கம்பி விற்கிறது. அதை வாங்கி மாட்டுங்கள். கார்பன் சட்டம் என்றால் சட்டத்தைப் பிடித்து நெரிக்கும் கேரியரே வேண்டாம், காருக்குள் ஏற்றுங்கள்.

கட்டுவது

இரண்டு சைக்கிள் என்றால் கனமானது காரை ஒட்டி, லேசானது வெளியே. இரண்டும் எதிரெதிராகத் திரும்பியிருந்தால் ஹேண்டில்கள் முட்டிக்கொள்ளாது. காரை ஒட்டிய சைக்கிளின் செயின் பக்கம் வெளியே பார்க்கட்டும்.

முதன்மைப் பிடிப்புக்குக் கேரியரோடு வரும் பட்டைகள். அதற்கு மேல், எதுவும் ஆடாமல் சேர்த்துக் கட்டப் பழைய சைக்கிள் டியூபைப் போல எதுவும் கிடையாது. பஞ்சர் கடையில் கேட்டால் ஒட்டுப்போட முடியாமல் ஒதுக்கிய டியூபைக் கொடுத்துவிடுவார்கள். வால்வை வெட்டி எறிந்துவிட்டு, டியூபை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் இரண்டு விரல் அகலப் பட்டைகள் கிடைக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். கட்டும்போது ஒவ்வொரு சுற்றையும் நன்றாக இழுத்து, முந்தைய சுற்றின்மேல் பாதி ஏறும்படி சுற்றி, கடைசிச் சுற்றின் அடியில் நுனியைச் செருகி இழுங்கள். முடிச்சே தேவையில்லை. ரப்பர் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும், பெயிண்டையும் கீறாது. ஹேண்டிலைச் சட்டத்தோடு சேர்த்து ஒன்று, பெடல் மாட்டும் கையான கிராங்கைச் சட்டத்தோடு ஒன்று, பின்சக்கரத்தைக் கேரியரோடு ஒன்று, இரண்டு சைக்கிளும் தொடும் இடத்தில் ஒன்று.

தேங்காய்க் கயிறு பெயிண்டைச் சுரண்டும். நைலான் கயிறு ஈரத்தில் வழுக்கி முடிச்சு இளகும். மோட்டார் சைக்கிளில் போடும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறை மட்டும் நம்பிச் சைக்கிளைத் தொங்கவிடாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது அது நீளும், சைக்கிள் குதிக்கும், கொக்கி கழலும்.

எல்லாம் போக ஒரு தனி பெல்ட்டைச் சைக்கிள் சட்டத்திலிருந்து காரின் அடியில் இருக்கும் உறுதியான ஒரு இடத்துக்குக் கட்டுங்கள். கேரியரே கழன்றாலும் சைக்கிள் நடுரோட்டில் விழாமல் இது பிடித்துக்கொள்ளும். பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரருக்காகச் செய்கிற வேலை இது, விட்டுவிடாதீர்கள். பெல்ட் காற்றில் அடித்துக்கொண்டு விர்ரென்று சத்தம் போட்டால், அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், நின்றுவிடும்.

பின்சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக வருகிறதா என்று குனிந்து பாருங்கள். இந்தக் கார்களில் சைலன்சர் தாழ்வாக, பின்னோக்கியே ஊதும். அரைமணி நேரம் சூடான புகை பட்டால் டயர் கெட்டுப்போகும். சக்கரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள், அல்லது மேலே ஏற்றுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. நம் கிராமத்து வேகத்தடைகளின் உயரம் உங்களுக்குத் தெரியாததில்லை.

நம்பர் பிளேட்டும் விளக்கும்

பின் நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் மறையக் கூடாது. ஐரோப்பாவில் சைக்கிளுக்குப் பின்னால் விளக்கும் நம்பரும் உள்ள தனிப் பலகையை மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் காரோடு பூட்டப்பட்டது, வரிசை எண் பொறித்தது. கடையில் அடித்த இன்னொரு பிளேட் அதற்கு ஈடாகாது. ஆகவே பிளேட் தெரியும்படி சைக்கிளின் உயரத்தை அமைப்பதுதான் வழி. சேசித் தாங்கி செய்யும்போதே இதைப் பட்டறையில் சொல்லிவிடுங்கள். ஒருவரை 10 மீட்டர் பின்னால் நிற்க வைத்து பிரேக்கை அழுத்தி, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக் கேளுங்கள். பழைய கார் விளக்குகள் சின்னவை, ஏற்கெனவே மங்கல். சைக்கிளின் வெளிப்பக்கத்தில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவதும் நல்லது.

ஓட்டும்போது

பின்னால் தொங்கும் பாரம் அதன் எடையைவிட அதிகமாகவே பின் அச்சில் இறங்கும். இரண்டு சைக்கிள் 28 கிலோ, கேரியர் 6 கிலோ, மொத்தம் 34 என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. ஸ்பிட்ஃபயரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 2.1 மீட்டர். கணக்குப் போட்டால் பின் அச்சில் 50 கிலோ ஏறுகிறது, முன் அச்சில் 16 கிலோ குறைகிறது. எழுநூற்றுச் சொச்சம் கிலோ காருக்கு இது சின்ன மாற்றம் இல்லை. ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், பின் லீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாயும். பின் டயர்க் காற்றைக் கார்ப் புத்தகத்தில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு வையுங்கள். டிக்கிக்குள் வேறு மூட்டை போடாதீர்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கும் தள்ளல் 80-ல் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். 60-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். நான்குவழிச் சாலையில் இடது ஓரமாகப் போங்கள், பஸ்காரர் தாண்டிப் போகட்டும்.

நம் சீமையில் காற்றுக்கென்று இடங்கள் உண்டு. ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. செங்கோட்டைக் கணவாய்க்கு நேரான தென்காசிப் பக்கமும் அதேபோல்தான். பின்னால் சைக்கிள் மாட்டிய லேசான கார் இந்தக் காற்றில் ஒரு முழம் நகர்ந்து கொடுக்கும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள். அந்த மாதங்களில் அந்தச் சாலைகளுக்கு அதிகாலையில் போவது நல்லது.

முதல் பயணத்துக்கு அம்பாசமுத்திரம் சாலை நன்றாக இருக்கும். மேலப்பாளையம் நெரிசலைத் தாண்டியதும் முன்னீர்ப்பள்ளத்தில் நிறுத்திக் கையால் தொட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டிய பெல்ட் முதல் சில கிலோமீட்டரில் கட்டாயம் கொஞ்சம் இளகும். இறுக்கிவிட்டு, பத்தமடையில் இன்னொரு முறை. அங்கேயும் இளகியிருந்தால் பாதமோ கொக்கியோ உட்கார்ந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். மேலே போகாமல் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இளகவில்லை என்றால் சேரன்மகாதேவி வரை போய்ச் சைக்கிளை இறக்கி, வயல் நடுவே கால்வாய்க் கரைகளில் ஓட்டலாம். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் மேலே போக நினைத்தால், அது புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் நிறுத்தினால் காரைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்துங்கள். இரும்புக் கம்பிப் பூட்டைச் சைக்கிள் சட்டத்திலும் சேசியிலும் சேர்த்துப் போடலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது கார் வழக்கத்தைவிட முக்கால் மீட்டர் நீளம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு வந்ததும் கேரியரைக் காரிலேயே விட்டுவைக்காதீர்கள். கழற்றி, பாதங்கள் இருந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசி கோடு போடும். பெல்ட்டுகளை நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். நம் ஊர் வெயிலில் கிடந்த நைலான் பெல்ட் வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே நைந்திருக்கும். நிறம் வெளுத்து, மடிக்கும்போது மொரமொரவென்று இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.